நோகாமல் போன பற்கள்

கொக்குவிலில் தையற்கடை வைத்திருந்த மிரியத்துக்கு நாற்பத்தேழு வயதாகியும் பல்வலி என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு சூத்தைப் பல்கூட இல்லை. தைத்து முடித்த நூலைக் கடித்தே அறுப்பாள். ஞாயிற்றுக்கிழமைகளில் தேவாலயப் பாடகர் குழுவின் முன்வரிசையில் நின்று வாய் நிறையத் திறந்து பாடுவாள்.

இரத்தம் மட்டும் வரும். காலையில் பல் தீட்டித் துப்பினால் நுரை இளஞ்சிவப்பாக இருக்கும். கொய்யாப்பழத்தைக் கடித்தால் கடித்த இடத்தில் சிவப்பாக ஒரு கீற்று. பல்லைச் சுற்றியிருந்த ஈறு, ஊரில் சொல்கிற முரசு, தடித்துக் கன்றிப்போயிருந்தது. ஆனால் நோ இல்லை. நோகாத ஒன்றுக்கு யார் மருந்தெடுக்கப் போகிறார்கள்? புண் பெருத்துவிடக்கூடாதே என்று, இரத்தம் வருகிற பக்கம் பிரஷ்ஷைக் கொண்டுபோவதையே மெல்ல மெல்ல விட்டுவிட்டாள். உப்புத் தண்ணீரால் கொப்பளித்ததோடு சரி.

நீர்வேலியிலிருந்து ஒரு நாள் வந்திருந்த தங்கை ஜெயறூபியிடம் இதைச் சொன்னபோது அவள் சிரித்தாள்.

"எனக்கும் ரத்தம் வாறதுதான், அக்கா. எங்கடை அம்மாவுக்கும் உப்பிடித்தானே இருந்தது? பரம்பரைப் பல்லு. என்ன செய்யிறது?"

அவர்களுடைய தாய் நேசம்மா ஐம்பது வயதுக்குள் எல்லாப் பல்லையும் இழந்தவர். கலியாண வீடுகளில் பசிக்கவில்லை என்று சொல்லிப் பந்தியில் இருக்கமாட்டார். யாராவது படம் எடுக்க வந்தால் எழுந்து குசினிக்குள் போய்விடுவார். பிள்ளைகள் இருவரும் அதை அம்மாவின் சுபாவம் என்று நினைத்தே வளர்ந்தார்கள்.

கொஞ்சக் காலத்தில் மிரியத்தின் முன்பற்கள் இரண்டும் விலகத் தொடங்கின. கண்ணாடியில் பார்த்தால் பற்கள் முன்பைவிட நீளமாகத் தெரிந்தன. வயது போகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நாட்களில்தான் செல்வமலர் இடம் மாறி நின்றாள். இருபது வருடமாக மிரியத்தின் பக்கத்தில் நின்று, ஒரே பாட்டுப் புத்தகத்தின் மறுகரையைப் பிடித்துப் பாடியவள் அவள். அன்று தனக்கென்று ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரிசையின் மற்றக் கரைக்குப் போய்விட்டாள்.

"என்ன மலர், அங்கை போயிட்டீர்?"

"உதிலை நிண்டால் ஃபான் காத்து முகத்திலை அடிக்குது."

அன்று கரண்ட் இல்லை. ஃபான் சுற்றவே இல்லை. ஆராதனை முடிந்ததும் மிரியம் வெளியே வேப்பமரத்தடிக்குப் போய், உள்ளங்கையைக் குவித்து ஊதி முகர்ந்து பார்த்தாள். நாற்றம் அவளுக்கே அடித்தது. அதற்குப் பிறகு வாயில் எந்நேரமும் ஒரு கராம்பு கிடந்தது. சட்டைக்கு அளவெடுக்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பாடும்போது தலையைக் குனிந்துகொண்டாள்.

இயேசு பிறப்புக்கான நத்தார்ப் பாடல் பயிற்சி தொடங்கியிருந்த ஒரு காலையில், பாண் ரொட்டியின் கரையைக் கடித்தபோது முன்பல் ஒன்று பாணோடு வந்துவிட்டது. கோப்பையில் வைத்துப் பார்த்தாள். வேரோடு முழுப் பல். ஒரு கறுப்புப் புள்ளிகூட அதில் இல்லை. கணவன் ஐசாக் மோட்டார் சைக்கிளை எடுத்து, அவளை யாழ்ப்பாணத்துக்குப் பல் வைத்தியரிடம் கொண்டுபோனான்.

வைத்தியர் மிரியத்தைவிட வயதில் குறைந்த பெண். ஒவ்வொரு பல்லையும் தொட்டு ஆட்டிப் பார்த்தார்.

"அம்மா, உங்கடை பல்லிலை ஒரு பிழையும் இல்லை. பல்லைப் பிடிச்சு வைச்சிருக்கிற எலும்புதான் கரைஞ்சு போச்சு. பல்லடியிலை தங்கின ஊத்தை கல்லாய் இறுகி, முரசுக்குள்ளை இறங்கியிருக்கு. ரத்தம் வரத் தொடங்கின காலத்திலை வந்திருந்தால், சுரண்டித் துப்புரவாக்கி அனுப்பியிருப்பம். முரசு பழையபடி இறுகியிருக்கும்."

"ரத்தம் வந்தபடியால்தான் நான் தீட்டாமல் விட்டனான்."

"கனபேர் அப்பிடித்தான் செய்யினம். ரத்தம் வாற இடத்தைத்தான் மெதுவாய், கவனமாய்த் தீட்டவேணும். ராவிலையும் தீட்டவேணும்."

"அம்மாவுக்கும் இப்பிடி..."

"சில குடும்பங்களிலை கெதியாய் வரும்தான். அதுக்காகப் பல்லு விழத்தான் வேணுமெண்டில்லை, அம்மா."

இரத்தம் சோதித்ததில் சலரோகம் என்கிற நீரிழிவும் இருப்பது தெரிந்தது. சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியும் அடங்காது, இரண்டுக்கும் சேர்த்தே வைத்தியம் என்றார் வைத்தியர்.

வீட்டு வாசலில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஐசாக் அதன்மேலேயே இருந்தான்.

"மிரியம், வாய் மணம் எனக்குத் தெரியும். கனநாளாய்த் தெரியும். நீர் மனம் நோவீர் எண்டுதான் சொல்லேல்லை."

மிரியம் அவனைப் பார்த்தாள். கோபப்படக்கூடச் சக்தி இருக்கவில்லை.

"மனம் நொந்தால் பிறகு ஆறியிருக்கும். பல்லு இனி வருமே, சொல்லுங்கோ?"

ஆடிக்கொண்டிருந்த முன்பற்கள் எல்லாவற்றையும் எடுக்கவேண்டி வந்தது. மீதியைச் சுரண்டித் துப்புரவாக்கிக் காப்பாற்றினார்கள். மணம் போய்விட்டது. கட்டுப்பல்லும் வந்தது. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பாடினால் மேலண்ணத்தில் அது நகர்ந்தது. 'இயேசு' என்று சொல்லும் இடத்தில் விசிலடித்தது. பயிற்சியில் யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அடுத்த ஞாயிறு மிரியம் பின்வரிசை வாங்கில் போய் இருந்தாள். செல்வமலர் வந்து கையைப் பிடித்துக் கூப்பிட்டாள். "தொண்டை சரியில்லை," என்று மிரியம் சொல்லிவிட்டாள்.

ஜெயறூபியை வைத்தியரிடம் கூட்டிப் போவது பெரும்பாடாயிற்று. "எனக்கு நோகேல்லையே" என்பதே அவளுடைய ஒரே மறுமொழி. கடைசியில் மிரியம் நீர்வேலிக்குப் போய், குசினிக் கதவைச் சாத்திவிட்டு, கட்டுப்பல்லைக் கழற்றித் தங்கையின் முன்னால் நின்றாள். அதுவரை ஐசாக்குக்குக்கூட அவள் அந்த முகத்தைக் காட்டியதில்லை. ஜெயறூபி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு சேலை மாற்றிக்கொண்டு வந்தாள்.

வைத்தியரின் அறையிலிருந்து ஜெயறூபி வெளியே வர அதிக நேரம் ஆகவில்லை. கைலேஞ்சியால் உதட்டைத் துடைத்தபடி, தெருவோர வாங்கில் காத்திருந்த மிரியத்தின் பக்கத்தில் வந்து இருந்தாள்.

"எலும்பு பெரிசாய்க் கரையேல்லையாம். இன்னும் ஒருக்கால் துப்புரவாக்கினால் போதுமாம். பிறகு ஆறு மாசத்துக்கு ஒருக்கால் காட்டட்டாம். இவ்வளவுதானே, அக்கா?"

"ஓம். இவ்வளவுதான்."

அதைச் சொன்ன பிறகும் மிரியம் எழும்பவில்லை. தங்கையின் பல் தப்பியது சந்தோசம்தான். ஆனால் இவ்வளவுதான் தனக்கும் தேவைப்பட்டிருந்தது, அம்மாவுக்கும் தேவைப்பட்டிருந்தது. ஜெயறூபி அவளுடைய தோளைச் சுற்றிக் கையைப் போட்டுக்கொண்டாள். அவர்கள் போகவேண்டிய பஸ் வந்து, ஆட்களை ஏற்றிக்கொண்டு போயிற்று. இருவரும் வாங்கிலேயே இருந்தார்கள்.