இழுத்துப் போட்ட நாற்காலி

மத்தியானச் சாப்பாடு முடிந்து ஊர் காப்பிக்குக் கூடும் வேளையில், பெலிசாவின் பாருக்குள் ஒரு நாற்காலி தரையைக் கீறிக்கொண்டு நகரும். தொலைக்காட்சியில் சைக்கிள் பந்தயம் கடைசி மேட்டில் ஏறிக்கொண்டிருந்தாலும் எல்லாத் தலைகளும் திரும்பும். ரைலி கெட்டுனென் நாற்காலியைத் தூக்கி வைக்கமாட்டார். தெம்பில்லாமல் இல்லை, அறுபதைத் தாண்டியும் தோள் இரண்டும் கதவை அடைக்கும். வேண்டுமென்றேதான் இழுப்பார், சன்னலோரத்திலிருந்து ஆண்கள் சீட்டாடும் மேசை வரைக்கும்.

"வந்துட்டாய்யா இங்கிலீஷ்காரி," என்பார் தெமெத்ரியோ. ஊரின் பழைய தபால்காரர் அவர்.

"பின்லாந்து," என்பார் ரைலி, உட்கார்ந்தபடியே.

"மேப்புல எல்லாம் மேலதான இருக்கு. ஏதோ ஒண்ணு."

"உன் தலையும்தான் மேல இருக்கு. அதுல ஏதாவது இருக்கா?"

மேசை குலுங்கச் சிரிப்பார்கள். தெமெத்ரியோவும் சிரிப்பார். இந்த மாதிரி ஒரு பதிலை உரிய நேரத்தில் சொல்ல ரைலிக்கு வெகுகாலம் பிடித்தது. மொழி தெரியாமல் அல்ல. அவர் பிறந்த ஊரில் ஒருவர் பேசி முடித்தபின் சற்றே பொறுத்து அடுத்தவர் பேசுவார், அதுதான் மரியாதை. ஸ்பெயினில் எப்ரோ ஆற்றங்கரையிலுள்ள இந்த ஊரில் யாரும் பேசி முடிப்பதே இல்லை. இடைவெளிக்குக் காத்திருந்தே முதல் வருடம் முழுவதையும் ஊமையாகக் கழித்தார். அவர் சும்மா இருப்பதைப் பார்த்து, வயிறு சரியில்லையா, ஊரில் யாராவது இறந்துவிட்டார்களா என்று விசாரித்தார்கள்.

கடைசியில் பெலிசாதான் கோப்பை கழுவிக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "ஏம்மா, இங்க பஸ்ஸு நிக்காது. ஓடி ஏறணும். நாலு பேரு பேசிக்கிட்டு இருந்தா அஞ்சாவது ஆளா நடுவுல குதி. கோவிச்சுக்க மாட்டாங்க. குதிக்கலன்னாதான் கோவிச்சுக்குவாங்க."

ரைலி துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். ஏழு மாடி உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள், கப்பலிலிருந்து மரக்கட்டுகளை இறக்கியே வாழ்வின் பெரும்பகுதி போயிற்று. பனி மூடிய காலைகளில் கீழே நிற்கும் ஆளின் கை மட்டும் தெரியும். விரித்த கை, மூடிய கை, சுழலும் விரல். அந்தக் கையை நம்பித்தான் மேலே இருப்பவர் பளுவை இறக்க வேண்டும். வேலையில் சேர்ந்த நாள் முதல் ஓய்வு பெறும்வரை அவர் முகத்துக்கு எந்த வேலையும் இருக்கவில்லை. அதனால் அது அசைய மறந்துவிட்டது. சிரிப்பு வந்தால் மூக்கின் இரு பக்கமும் லேசாக விரியும். அவ்வளவுதான்.

ஓய்வுக்குப்பின் எல்லோரையும்போல வெயில் தேடி ஸ்பெயினின் தென்கடற்கரைக்குத்தான் முதலில் வந்தார். அங்கே பின்லாந்துக்காரர்களுக்கென்று ஒரு குடியிருப்பே இருக்கிறது. அவர்களுடைய கறுப்பு ரொட்டி, அவர்களுடைய வெந்நீர் ஆவி அறை, அவர்களுடைய வைத்தியர், அவர்களுடைய புலம்பல். ஒரு குளிர்காலம் இருந்து பார்த்தார். "நம்ம ஊருலயே இருந்திருக்கலாமே. அங்க பனியாவது அழகா இருக்கும்," என்று பக்கத்து வீட்டுச் சிநேகிதி பிர்க்கோவிடம் சொல்லிவிட்டு, வடக்கே திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவில் வெளிநாட்டார் வாடையே படாத ஊரில் ஒரு பழைய கல்வீட்டை வாங்கினார்.

"உன்னைச் சேத்துக்க மாட்டாங்கடி," என்றார் பிர்க்கோ. "கன்னத்துல முத்தம் குடுப்பாங்க. வாசலைத் தாண்டி விடமாட்டாங்க."

அது பாதி உண்மைதான். வந்த புதிதில் ஏலக்காய் போட்ட ரொட்டிச்சுருள் சுட்டு, அக்கம்பக்கத்தாரை இரண்டு வாரம் கழித்து வரும் சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் காப்பிக்கு அழைத்தார். "கட்டாயம் வர்றோம், இதென்ன கேள்வி!" என்று அத்தனை பேரும் அடித்துச் சொன்னார்கள். ஒருவரும் வரவில்லை. மேசை விரிப்பைத் தட்டி மடித்து வைத்தார். ரொட்டிச்சுருள் காய்ந்து கல்லாகும்வரை அதையே தின்றார். பிற்பாடுதான் விளங்கியது. இங்கே வீடு என்பது ரத்த சொந்தத்துக்கு. சிநேகம் என்பது பாருக்கு. அழைப்பு, தேதி எதுவும் கிடையாது. அங்கே நாளும் போய் நிற்க வேண்டும், நின்றுகொண்டே இருக்க வேண்டும்.

போய் நின்றார். பெண்களுக்குச் சன்னலோரம், ஆண்களுக்குச் சீட்டு மேசை என்று ஒரு பிரிவினை எழுதாத சட்டமாக இருந்தது. சன்னலோரப் பேச்சு முழுக்க யார் மகள் யாருக்குச் சின்னம்மா முறை என்பதாகவே இருந்ததால் ரைலிக்குப் பிடி கிடைக்கவில்லை. சீட்டு மேசையில் நடப்பது பிடிபட்டது. முதல் தடவை நாற்காலியைச் சத்தமில்லாமல் தூக்கிக்கொண்டு போய், அங்கே ஆடும் டிராக்டர் மெக்கானிக் நிகாசியோவின் முதுகுக்குப் பின்னால் வைத்தார். யாரும் கவனிக்கவில்லை. மறுநாளும் கவனிக்கவில்லை. மூன்றாம் நாள் இழுத்துக்கொண்டு போனார். கேட்டுக் கிடைக்கிற இடம் ஒரு வகை, இழுத்துப் போட்டுக்கொள்கிற இடம் இன்னொரு வகை.

அந்த மேசையில் ஆடுவது 'மூஸ்'. நாலு பேர், எதிரெதிரே உட்கார்ந்தவர்கள் கூட்டாளிகள். புள்ளிக் கணக்குக்குக் கொண்டைக்கடலை. இந்த ஆட்டத்தில் கூட்டாளிக்கு முகத்தாலேயே சேதி சொல்லலாம். கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா. இரு கண்ணையும் மூடினால் கையில் ஒன்றுமில்லை. ஒரு கண்ணை அடித்தால் சீட்டுகளின் கூட்டுத்தொகை முப்பத்தொன்று. அதற்கு மேல் கை கிடையாது. எதிராளி பார்க்காத நொடியில் காட்டிவிட வேண்டும்.

நிகாசியோவின் கூட்டாளியாக வெகுகாலம் ஆடிய கலிஸ்தோ, மகள் வீட்டோடு இருக்கச் சரகோசாவுக்குப் போனார். மேசை மூன்று காலில் நின்றது.

"பின்னாடியே ஒருத்தி உக்காந்திருக்காளே, கண்ணு தெரியலையா?" என்றார் பெலிசா.

"இவளா?" நிகாசியோ திரும்பிப் பார்த்தார். "இது மூஞ்சியா, சுவரு. சுவரு எப்படிச் சைகை காட்டும்?"

"சுவர் கத்துக்கும்," என்றார் ரைலி.

கற்றுக்கொண்டார். காலையில் பல் துலக்கும்போது சமையலறைச் சன்னல் கண்ணாடியைப் பார்த்து உதட்டைக் கடித்தார், கன்னத்தைச் சுழித்தார், கண்ணடித்தார். சன்னலுக்கு அந்தப் பக்கம் தெமெத்ரியோ நாயைக் கூட்டிக்கொண்டு போவது வழக்கம். ஒரு வாரத்தில் அவர் மனைவி மிலாக்ரோஸ் பாருக்கே வந்துவிட்டார்.

"எவடி அவ, எம் புருஷனைப் பாத்துக் கண்ணடிக்கிறவ?"

ரைலி எழுந்து நின்று, அவர் முகத்துக்கு நேராகக் கண்ணடித்தார். "முப்பத்தொண்ணு," என்றார். பிறகு உதட்டைக் கடித்தார். "ரெண்டு ராஜா. பழகிக்கிட்டு இருக்கேன். உன் புருஷனை நீயே வெச்சுக்க. அவன் சீட்டாட்டமே சரியில்ல."

மிலாக்ரோஸ் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கோழிக்கறிப் பை கீழே விழுந்தது. அன்று முதல் அவர் தோட்டத்துக் குடைமிளகாய் ரைலியின் கதவுப் பிடியில் பை பையாகத் தொங்குகிறது.

ஆனால் ஆட்டத்தில் ஒரு வினை இருந்தது. ரைலிக்குப் பொய் வராது. "கையில நல்லது இருக்கா, அம்மா?" என்று தெமெத்ரியோ தேனாகக் கேட்டால், "இல்ல," என்று உள்ளதைச் சொல்லிவிடுவார். நிகாசியோ தொப்பியைக் கழற்றித் தரையில் அடித்தார்.

"உன்னை யாரு உண்மையச் சொல்லச் சொன்னா? வாயி எவ்வளவு வேணும்னாலும் பொய் சொல்லலாம். அதுக்குத்தான் வாயி! மூஞ்சி மட்டும்தான் பொய் சொல்லக்கூடாது. பொய்ச் சைகை காட்டுனவனை இந்த மேசையில ரெண்டாந் தரம் உக்கார விடமாட்டோம்."

ரைலி சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். ஊருக்கு வந்ததிலிருந்து அவர் கேட்ட ஒரு வாக்கியம் முழுதாக, மிச்சமில்லாமல் புரிந்தது அப்போதுதான். பனிக்குள் நீளும் கை பொய் சொன்னால் பளு மனிதன்மேல் இறங்கும். "இது எனக்குத் தெரியும்," என்றார். அடுத்த ஆட்டத்திலேயே கையில் ஒன்றுமில்லாமல், "ராஜா மேல ராஜாவா வந்து குவியுது, தெமெத்ரியோ, பாவம் நீ," என்று அசையாத முகத்தோடு சொன்னார். நிகாசியோவுக்கு மட்டும் இரு கண்ணையும் மூடிக் காட்டினார். தெமெத்ரியோ பயந்து விலகினார். சுவர் முகம் பொய்க்கென்றே கட்டிய முகம் என்று அன்று ஊர் தெரிந்துகொண்டது.

செப்டம்பரில் ஊர்த் திருவிழா. மூஸ் போட்டிக்கு ஜோடிகளின் பெயரை, திருவிழா தொடங்குமுன் பெலிசாவிடம் சொல்லிவிட வேண்டும். பெயர் கொடுக்கக் கடைசி நாள் காலையில் பிர்க்கோவிடமிருந்து அழைப்பு வந்தது. குடியிருப்பில் அவர் வீட்டுக்கு எதிர்வீடு காலியாகிறது. மாலைக்குள் பதில் வேண்டுமாம்.

"அங்க உனக்கு யாரு இருக்கா, சொல்லு பாப்போம்?"

"மேசையில ஒரு எடம் இருக்கு."

"மேசையா நாளைக்கு உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போகும்? அவங்க ஆளு ஒருத்தன் திரும்பி வரட்டும். எழுந்திருன்னுவாங்க."

ரைலி கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிர்க்கோவும் பின்லாந்துக்காரி ஆதலால் காத்திருந்தார்.

"இன்னிக்குப் போட்டிக்கு நிகாசியோ பேரோட என் பேரைச் சொல்லணும். எழுந்திருன்னாங்கன்னா அந்த வீட்டுக்கு வர்றேன்," என்றார் ரைலி. "மத்தியானம் கூப்பிடு."

சொல்லி வைத்தாற்போல, அன்று மத்தியானம் கலிஸ்தோ வந்து நின்றார். திருவிழாவுக்குப் புதுச் சட்டை, பட்டணத்துச் செருப்பு. பார் முழுவதும் எழுந்து கட்டிக்கொண்டது. நிகாசியோ அவர் முதுகில் அறைந்த அறை தெருவுக்குக் கேட்டது. பெலிசா கேட்காமலே அவருக்குக் காப்பியும் சோம்பு மதுவும் கொண்டுவந்தார். கடைசியில் கலிஸ்தோ மேசைப் பக்கம் வந்து, ரைலியின் நாற்காலி முதுகில் கையை வைத்தார்.

"பாத்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றிம்மா. நான் வந்துட்டேன். பெலிசா, எழுதிக்க, எப்பவும் போல, நிகாசியோவும் நானும். போன தடவை நாங்க எப்படி ஜெயிச்சோம்னா…"

பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. ரைலியின் ஊரில் என்றால் எழுந்திருப்பார்கள். மன்னிப்புக்கூடக் கேட்பார்கள். ரைலி நாற்காலியின் இருபக்கத்தையும் கையால் பிடித்துக்கொண்டு, ஓடும் பேச்சுக்கு நடுவில் குதித்தார்.

"செவில்யாவுக்குப் போனவன் நாற்காலியை விட்டான்!"

தெற்கே தூரத்திலிருக்கும் செவில்யாவைச் சொல்லி, பள்ளிக்கூடத்தில் பெஞ்சுக்கு அடித்துக்கொள்ளும் பிள்ளைகள் சொல்கிற பழமொழி அது. சன்னலோரத்திலிருந்து மிலாக்ரோஸின் சிரிப்பு வெடித்தது.

"நான் போனது சரகோசாவுக்கு!" என்றார் கலிஸ்தோ.

"அது இன்னும் பக்கம்," என்றார் ரைலி. "ஒரு தடவைகூட வந்து பாக்கல. நீ போன. நான் இருந்தேன். மழைக்கு இருந்தேன், தெமெத்ரியோ ஏமாத்துனப்ப இருந்தேன், நிகாசியோவுக்கு முட்டி வீங்கிக் கெடந்தப்ப இருந்தேன். நான் எழுந்திருக்க மாட்டேன்."

கலிஸ்தோவின் காது சிவந்தது. "டேய் நிகாசியோ, நீ சொல்லுடா. நாப்பது வருஷம்டா."

நிகாசியோ தொப்பியைக் கழற்றினார், உள்ளே பார்த்தார், மறுபடி போட்டுக்கொண்டார். "என்னை ஏண்டா இழுக்குற? எனக்கு யாரு எதிர்ல உக்காந்தாலும் ஒண்ணுதான். ஆடித் தீத்துக்கங்க."

"ஆடுவோம்!" கலிஸ்தோ தெமெத்ரியோவின் கூட்டாளியை எழுப்பிவிட்டு அந்த இடத்தைப் பிடித்தார். "ஒரே ஆட்டம். நாங்க ஜெயிச்சா நாற்காலியை நீயே தூக்கிட்டுப் போயிடணும். சரியா?"

மூஸில் ஒரு சொல் இருக்கிறது. இருப்பது அத்தனையையும் ஒரே வீச்சில் பந்தயம் வைக்கும் சொல். சீட்டுக் கட்டைக்கூட யாரும் இன்னும் தொடவில்லை.

"ஓர்தாகோ," என்றார் ரைலி.

மேசைமேல் கிடந்த அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. திரையில் பிர்க்கோவின் பெயர். ரைலி அதை எடுக்கவில்லை. நிகாசியோவைப் பார்த்தார். யாரானாலும் ஒன்று என்று சொன்ன வாய் இறுக மூடியிருந்தது. அது வெறும் வாய். கலிஸ்தோ குனிந்து, உருண்டோடிய கொண்டைக்கடலையைத் தேடிக்கொண்டிருந்தார். தெமெத்ரியோ கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார். அந்த நொடிக்குள், கையில் ஒரு சீட்டும் இல்லாத நிகாசியோ, ரைலிக்கு நேராக ஒரு கண்ணை அடித்தார்.

ரைலி கைப்பேசியைக் கவிழ்த்து வைத்து, அதன்மேல் காப்பிக் கோப்பையை வைத்தார். பிறகு, சுவர் ஒரு கண்ணை மூடித் திறந்தது.