திறந்ததும் வரும் கேள்வி

மஞ்சக்குப்பத்தில் நானும் மச்சானும் சேர்ந்து நடத்திய கடை அது. வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு விண்ணப்பம், அனுபவச் சான்று எல்லாம் டைப் அடித்துக் கொடுப்போம். மச்சான் என் மனைவியின் தம்பி. குறும்பு ஜாஸ்தி. வேலையில் உட்கார்ந்தால் எனக்குப் பசி தெரியாது என்று, அவன் அடித்த ஒவ்வொரு வேர்ட் கோப்பிலும் மேக்ரோ என்கிற குட்டி புரோகிராம் ஒன்றை வைத்திருந்தான். திறந்ததும் அது தானாக ஓடி, "மச்சான், டீ குடிச்சியா?" என்று ஒரு பெட்டியைக் காட்டும். ஓகே அமுக்கினால்தான் மேலே நகர முடியும். எத்தனை தடவை திட்டியிருப்பேன்! ஷிப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே திறந்தால் மேக்ரோ ஓடாது; அப்படித் திறந்து அவன் வாயை அடைப்பேன்.

போன வருஷம் பண்ருட்டி சாலையில் விபத்து. போய்விட்டான். தனியாகக் கடையை இழுக்க எனக்குத் தெம்பில்லை. சிதம்பரத்தில் இதே தொழில் செய்யும் பாய் ஒருவர் கூட்டுச் சேர்த்துக்கொள்வதாகச் சொன்னார். அவர் நிபந்தனை: கோப்புகளையெல்லாம் பிடிஎஃப் ஆக்கி அன்று சாயங்காலத்துக்குள் தர வேண்டும், பழைய வேர்ட் கோப்புகளை அழித்துவிட வேண்டும். தவறினால் வேறு ஆளைப் பார்ப்பார்.

ஒவ்வொன்றாகத் திறந்தால் விடிந்துவிடும். புரோகிராம் எழுதி ஓட விட்டேன். முதல் கோப்பிலேயே அந்தப் பெட்டி வந்து நின்றது. அமுக்கினேன். அடுத்ததிலும் அதே. கையால் திறந்தால் மேக்ரோவை ஓட விடலாமா என்று வேர்டாவது கேட்கும். புரோகிராம் வழியாகத் திறந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. சலிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தேடிப் பிடித்து என் புரோகிராமில் ஒரு வரி சேர்த்தேன். இனி எந்த மேக்ரோவும் ஓடாது.

மறுபடி ஓட்டுவதற்குள் மனைவி சாப்பாட்டோடு வந்தாள். திரையில் பெட்டி அப்படியே நின்றது.

"இது அவன்தான?"

"ஆமா. எல்லாத்துலயும் இருக்கு. வராம பண்ணிட்டேன்."

"வேணாங்க. வரட்டும். நான் ஒண்ணொண்ணா அமுக்குறேன்."

"சாயங்காலத்துக்குள்ள முடியாது. பாய் வேற ஆளப் பாத்துடுவாரு."

"பாக்கட்டும்."

எனக்குக் கோபம்தான். சண்டை போடத் தெம்பில்லை. அந்த வரியை அழித்துவிட்டு எழுந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். சிதம்பரத்திலிருந்து போன் அடித்தது. நான் எடுக்கவில்லை.

"ஒன் மச்சான் இன்னும் குடிக்கலடா," என்று திரையைப் பார்த்துச் சொல்லிவிட்டு ஓகே அமுக்கினாள். அடுத்த பெட்டி வந்தது.