தீர்ந்துபோகாத சிலேட்டுக்குச்சி

மகள் இரண்டாங்கிளாஸ் படிக்கையில் அவள் பையில் சிலேட்டுக்குச்சி தங்கவே தங்காது. டப்பாவோடு வாங்கி வைப்பேன், வாரம் முடியுமுன் காலி. "நான் தொலைக்கலப்பா" என்று அழுவாள். எவனோ பிள்ளையை மிரட்டிப் பிடுங்குகிறான் என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கவலைப்பட எனக்கு ஏதாவது ஒன்று வேண்டும்.

ஒருநாள் மத்தியானம் வேலையிலிருந்து சீக்கிரமே வந்துவிட்டேன். வீட்டுக்காரி தீப்பெட்டி ஆபீசுக்குப் பெட்டி ஒட்டிக்கொண்டே எதையோ மொறுமொறுவென்று கடித்துக்கொண்டிருந்தாள். உதட்டில் சிலேட்டுக்குச்சித் தூள்.

"என்னட்டி இது?"

"சும்மா, வாய்க்கு நல்லா இருக்கு. பச்சரிசியும் திங்கேன்."

பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "மசக்கைகூடத் தெரியல, இவிய ஒரு ஆம்பள!" என்று சிரித்தாள். மசக்கை இல்லை. முந்தின நாள்தான் தீட்டு முடிந்து தலைக்குக் குளித்திருந்தாள்.

அதன்பிறகு அவளையே கவனித்தேன். வாய் ஓரம் வெடித்திருந்தது. ஒரு குடம் தண்ணீர் தூக்கினால் மூச்சு வாங்கியது. நகம் வெளுத்துக் கிடந்தது. பசையில் வெளுத்திருக்கும் என்றுதான் பெட்டி ஒட்டுகிற வீடுகளில் எல்லோருமே சொல்வோம். நானும் அதுவரை அப்படியே இருந்துவிட்டேன்.

"ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"போன மாசம் மஞ்சக்காமாலைன்னீரு. எட்டாங்கிளாஸ் டாக்டருக்கு எல்லாமே சீக்குதான்."

விடாமல் கூட்டிப்போனேன். நர்சம்மா அவள் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார்.

"அவிய பயந்தது சரிதாம்மா. ரத்தமே இல்ல, அதான் குச்சி, பச்சரிசின்னு வாய் தேடுது. மத்தியானம் என்ன சாப்பிடுதீங்க?"

"டீயும் வருக்கியும். எந்திரிச்சா பெட்டி நின்னுபோகும்லா."

கீரையும் பயறும் எங்களுக்குப் போட்டுவிட்டு, ராத்திரி மிச்சச் சோற்றில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறாள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். சாப்பாட்டோடு டீ கூடாது என்றார்கள்.

அன்றிலிருந்து அவள் தட்டில்தான் முதலில் முருங்கைக்கீரை விழும், நானே போடுவேன். "ஊரு சிரிக்கும்" என்பாள். தினமும் வாசல் வெளிச்சத்தில் நகம் பார்ப்பேன்.

"என்ன, ஜோசியமா?"

மெல்ல மெல்ல நகத்தில் சிவப்பு ஏறியது. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டுக்காரியோடு வம்பளக்கவும் ஆரம்பித்தாள். ஒரு சாயங்காலம் மகள் டப்பாவோடு வந்தாள்.

"இனி குச்சி வாங்காதீங்கப்பா. டப்பா மூட மாட்டேங்குது."

"அந்த மனுசனுக்கு இனி அது ஒரு கவலை" என்றாள் இவள், அடுப்படியிலிருந்து.

கவலைதான். அத்தனை குச்சியையும் யார் எழுதித் தீர்க்கிறது?