மழையைத் தின்ற கடைசி வரி

அன்று சாயங்காலத்துக்குள் ஒரு முழு வருட மழைக் கணக்கை ஆய்வு நெறியாளரிடம் கொடுத்தாக வேண்டும். தவறினால் இன்னும் ஆறு மாதம் இந்த அட்டுவம்பட்டி அறையில் குளிரில் கிடக்க வேண்டியதுதான். பேத்துப்பாறையில் காட்டு வேலைக்குப் போகும் ஒரு அக்கா தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து நோட்டில் எழுதிய எண்கள் அவை. பதினொரு மாதத்தைக் கணினியில் ஏற்றியிருந்தேன். கடைசி மாதத்தை போனில் கேட்டுக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

ஒவ்வொரு எண்ணோடும் அதன் தேதி ஒட்டியிருக்கும். தேதிகள் ஒரு நாள் தள்ளிப் போயிருந்தன. தேதிகளை மட்டும் மாற்ற, ‘ஆர்’ என்ற கணினி மொழியில் ஒரு மாற்றுச் சார்பு, அதாவது பழையதைத் திருத்தித் தரும் ஒரு குட்டி நிரல், எழுதினேன்.

பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு! அந்தச் சார்புக்குள் திருத்தப்படுவது ஒரு நகல்தான். கடைசி வரி எதைத் திருப்பித் தருகிறதோ, அதுவே பழைய பெயரில் வந்து உட்காரும். திருத்திய நகல் முழுதாகத் திரும்பி வர, முடிவில் அந்த நகலின் பெயரான ‘எக்ஸ்’ என்ற ஒரே ஓர் எழுத்தைப் போட வேண்டும். போடவில்லை. தேதிப் பட்டியல் மட்டும் திரும்பி வந்து மழையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அதைப் பார்க்காமல் பழைய கோப்பின் மேலேயே சேமித்தும் தொலைத்தேன். திறந்தால் தேதி இருக்கிறது, மழையைக் காணோம். பிழை என்று ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, சனியன்! மேசையை ஓங்கிக் குத்தினேன். கைதான் வலித்தது.

அந்த நேரம் பார்த்து அக்காவே போனில் வந்தார்.

“பாப்பா, சோலியா இருக்கியா? ரெண்டு நாள்ல தாரேன்னு நோட்டை வாங்கிட்டுப் போன. மாசம் ஒண்ணாச்சு. வாங்குனா திருப்பிக் குடுக்க வேணாமா?”

பையைக் கவிழ்த்தேன். அடியில் நோட்டு கிடந்தது. அப்பாடா, உட்கார்ந்து தட்டினால் பதினொரு மாதமும் திரும்ப வந்துவிடும்.

“நோட்டு பத்திரமா இருக்குக்கா. இந்த மாச மழையை எதுல எழுதுனீங்க?”

“எதுல எழுத? காலண்டர்ல கிழிச்ச தாள்லதான். அலமாரில வச்சிருந்தேன். வெறகெல்லாம் ஈரமாக் கெடக்கு, முந்தாநாள் எங்க வீட்டுக்காரரு அத்தனையையும் அடுப்புல போட்டுப் பத்த வச்சுட்டாரு.”

நோட்டின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். பதினோராம் மாதத்தோடு எண்கள் நின்றிருந்தன.

“ஏன் பாப்பா, அது வேணுமா?”

நோட்டைப் பார்த்துப் பதினொரு மாதத்தையும் மறுபடி தட்டி, சார்பின் முடிவில் ‘எக்ஸ்’ போட்டேன். சார்பு ஒழுங்காக ஓடியது. கடைசி மாதத்தில் தேதிகள் மட்டும் இருந்தன.