ஒரே மூச்சில் இருபது வரை

தையல்கார அக்காவுக்கு ஒரு காது மெஷினுக்கு, மறு காது போனுக்கு. தோளில் போனை இடுக்கியபடியே பள்ளிச் சட்டைகளுக்குக் காலர் வைப்பாள். கழுத்து கோணிப்போய் வருஷக்கணக்காகிறது.

யோசனை கேட்டுக் கூப்பிடுகிறவர்கள் எல்லாம் அவள் மகளுக்கு இருக்கும் அதே நோய் வந்த பிள்ளைகளைப் பெற்றவர்கள். குரல்வளைக்குள் மரு முளைக்கும். வெட்டினால் மறுபடி முளைக்கும். விட்டால் மூச்சை அடைக்கும். லட்சத்தில் ஒருவருக்குத்தானாம். அந்த ஒருவரை எப்படித்தான் தேடிப் பிடிக்கிறதோ, சனியன்.

மகளுக்குப் பத்து வயது. இரண்டு வருஷம் ஆஸ்துமா என்று மருந்து கொடுத்தார்கள். அதன்பின் இருபத்து மூன்று ஆபரேஷன். கடைசியாகச் செய்து பதினோரு மாதம். முன்பெல்லாம் மூன்று மாதம் தாண்டாது. "ஒரு வருஷம் ஓடிட்டா கொஞ்சம் மூச்சு விடலாம்" என்றிருந்தார் டாக்டர். இன்னும் ஒரு மாதம்தான். யாரிடமும் சொல்லவில்லை, கண் பட்டுவிடுமே.

அன்று மத்தியானம் புதிதாகப் பழக்கமான ஒரு தாய், அந்த வாரத்தில் நான்காவது தடவையாகக் கூப்பிட்டாள். அக்காவுக்கு அலுப்புதான். ஆனாலும் அலுப்பைக் குரலில் காட்டமாட்டாள்.

"வாரா வாரம் பிள்ளைய ஒரே மூச்சுல இருபது வரைக்கும் எண்ணச் சொல்லும்மா. எங்க நிக்குதோ எழுதி வை. சளி பிடிச்சிருக்கு, கத்திக் கத்தி விளையாடினான்னு நாமளே சாக்குச் சொல்லிக்கக் கூடாது."

"சரிக்கா."

உள்ளேயிருந்து மகள் கேட்டாள்: "அம்மா, கத்தரி எங்க?"

"மேஜை மேல பாரு."

போனில் அந்தத் தாய் தயங்கித் தயங்கி, "தப்பா நினைக்காதீங்கக்கா. இப்பப் பேசினது உங்க பொண்ணா? என் பையனுக்கும் முதல்ல இப்படித்தான் குரல் கம்மிச்சு."

"ஐஸ் தண்ணி குடிச்சிருப்பா" என்றாள் அக்கா. சொன்னதைத் தன் காதாலேயே கேட்டாள். மெஷின் நின்றது.

"கடைசியா எப்பக்கா எண்ணச் சொன்னீங்க?"

ஊருக்கு உபதேசம் என்பது இதுதான். இரண்டு மாதமாக அவள் மகளை எண்ணச் சொல்லவே இல்லை. பயம், வேறென்ன? இருபத்து நான்காவது தடவை அந்த ஆபரேஷன் தியேட்டர் கதவுக்கு வெளியே உட்கார அவளுக்குத் தெம்பில்லை.

"அப்புறம் பேசறேம்மா" என்று வைத்தாள். "இங்க வா. எண்ணு பாக்கலாம்."

மகள் கத்தரியோடு வந்து நின்றாள். எண்ணவில்லை.

"பன்னெண்டுல நிக்குதும்மா. போன மாசம் பதினாறு. பாத்ரூம்ல தனியா எண்ணிப் பாத்தேன்."

"ஏன்டி சொல்லல?"

"நீ இப்பத்தான் கொஞ்சம் சிரிக்கிற. அதான்."

அக்கா மடியிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். மகளை இழுத்து அணைத்துக்கொண்டாள். அப்படியே ஒரு கையால் போனை எடுத்து, மனப்பாடமாகியிருந்த ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தினாள்.