அவிசாவளையில் திரும்பிய அலுமாரி

இரத்தினபுரி பஸ் நிலையத்துக்குச் சற்றுத் தள்ளி, வாடகை லொறிகள் நிற்கும் வெட்டவெளிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது காலை எட்டரை மணி. ஒக்டோபர் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. இரவு முழுக்கப் பெய்த மழை நின்று, சேற்றில் டயர்த் தடங்கள் மட்டும் தண்ணீர் நிரம்பிக் கிடந்தன. இங்கிருந்து அவிசாவளை, கரவனெல்ல வழியாகக் கேகாலைக்குச் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். முழு லொறிக்கு இருபத்திரண்டாயிரம் ரூபா கேட்கிறார்கள். இரண்டு நகரங்களுக்கும் இடையே என்ன போகிறது, என்ன வருகிறது என்று பத்திரிகைக்கு எழுத வேண்டியிருந்ததால், எனக்குத் தேவைப்பட்டது சாரதிக்குப் பக்கத்தில் ஓர் இடம்.

"இடம் இல்லைங்க சார்," என்றார் சாரதி அந்தோனி. எஹலியகொடைக்கு அருகே ஒரு றப்பர் தோட்டத்தில் பிறந்தவர், முப்பத்தைந்து வயதிருக்கும். "முன்னுக்கு ரெண்டு பேருக்குத்தான் எடம். ஒரு அண்ணனும் அவரு பேத்தியும் நிவித்திகலயில இருந்து வர்றாங்க. சாமானும் இருக்கு."

கொடகவெலயிலிருந்து வந்த வாழைக்குலைகள் லொறியின் முன்பாதியில் ஏற்கெனவே அடுக்கப்பட்டிருந்தன. அவை கேகாலைக் கடைகளுக்கு. பின்பாதி, வழியில் இறங்கும் சாமான்களுக்காகக் காலியாக இருந்தது. முதலில் இறங்க வேண்டியது கடைசியில் ஏற வேண்டும் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம்.

ஒன்பது மணியளவில் ஒரு சின்ன லொறி வந்து நின்றது. கட்டில், தையல் மெசின், கட்டிய பாத்திர மூட்டைகள், கண்ணாடி பதித்த இரட்டைக் கதவு அலுமாரி. கண்ணாடியைப் போர்வையால் மூடிக் கயிறு கட்டியிருந்தார்கள். இறங்கியவர் ராமையா. ஐம்பத்தாறு வயது, புளத்கொஹுபிட்டியப் பக்கத்துத் தோட்டமொன்றில் றப்பர் மரத்தில் பால் வெட்டுபவர். அவர் மட்டுந்தான் இறங்கினார்.

"புள்ள எங்கண்ணே?" என்று கேட்டார் அந்தோனி.

"வரல."

அந்தோனி பின்கதவைத் திறந்தார். சாமான்களை மாற்றி ஏற்றினார்கள். முடிந்ததும் அந்தோனி என் பக்கம் திரும்பி, "சார், ஏறுங்க," என்றார்.

குருவிட்டவைத் தாண்டினோம். பிறகு ராமையா தானாகவே சொன்னார். யாரிடம் என்றில்லை, லொறியின் முன்கண்ணாடியைப் பார்த்துச் சொன்னார். நிவித்திகலத் தோட்டத்தில் கட்டிக்கொடுத்த மகள் செல்வி எலிக்காய்ச்சலில் போய்விட்டாள். கருமாதி முடிந்து இரண்டு மாதம். போன வாரம் சம்பந்தி அம்மா போன் எடுத்தார். "செல்வியோடதெல்லாம் வந்து எடுத்துக்கிட்டுப் போயிருங்க" என்றார்.

"செல்வியோடதெல்லாம்னா, நாங்க புள்ளையையும் சேத்துத்தான் நெனைச்சோம்," என்றார் ராமையா. "ஹாசினிக்கு நாலு வயசு. எங்க வீட்டுக்காரி அவளுக்குன்னு ஒரு சின்ன மெத்தையே தைச்சு வச்சிருக்கா. சாமானெல்லாம் ஏத்தி முடிச்சிட்டு, புள்ள வருவான்னு வாசல்லயே நிக்கிறேன். அந்தம்மா வந்து, 'புள்ள இங்கதான் இருக்கும், நீங்க கெளம்புங்க'ன்னுச்சு. மாப்ள வேலைக்குப் போயிட்டாரு. நான் யாருகிட்ட பேச?"

அந்தோனி கியரை மாற்றினார். எஹலியகொட நகரத்தின் நெரிசலைக் கடந்த பிறகுதான் கேட்டார்.

"அண்ணே, எல்லாத்தையுமா ஏத்திட்டீங்க? அங்க ஒண்ணும் விடலியா?"

ராமையா திரும்பி லொறியின் பின்பக்கத்தைப் பார்த்தார். 

எனக்கு விளங்கவில்லை என்று கண்டு அந்தோனி சொன்னார்: "பொண்ணு செத்துப் போனா சீர்ச் சாமான திருப்பி எடுக்கிறது உண்டு சார். ஆனா ஒரு சாமானாவது அங்க விட்டுட்டுத்தான் வருவாங்க. அது கெடந்தாத்தான் போக வர வழி இருக்கும். எல்லாத்தையும் அள்ளிட்டா, அத்துவிட்டதுன்னு அர்த்தம். நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க, எங்க தோட்டத்துலயும் இதுதான் வழக்கம்."

"புள்ள வருதுன்னு நெனச்சேன்," என்றார் ராமையா. "புள்ளையே வருதுன்னா அங்க எதுக்கு விடணும்? அதான் கரண்டி மொதக்கொண்டு ஏத்தினேன்."

இரத்தினபுரியிலிருந்து அவிசாவளைக்கு நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நகரத்துக்குள் நுழையும் முன் லொறிக்காரர்கள் நிறுத்தும் தேநீர்க்கடை ஒன்றில் நாங்களும் நிறுத்தினோம். பிளேன்டீ ஐம்பது ரூபா. வெற்றுச் சாக்குகளை ஏற்றிக்கொண்டு கலவானைக்குப் போகும் லொறி ஒன்று எதிர்ப்பக்கம் நின்றது. அதன் சாரதி சுனில், அந்தோனியின் பழைய கூட்டாளி. லொறியின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்துவிட்டு, யாருக்குக் கல்யாணம், விருந்துக்கு வாழைப்பழமும் சேர்த்தா கொண்டுபோகிறாய் என்று சிங்களத்தில் கேலி செய்தார். அந்தோனி தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னார். சுனில் தொப்பியைக் கழற்றிவிட்டு, ராமையாவின் பக்கம் திரும்பி நின்றார்.

கலவானைக்குப் போகும் பாதை நிவித்திகல வழிதான். அதைச் சொல்லி, ஒரு சாமானைத் திருப்பி அனுப்பலாம் என்றதும் அந்தோனிதான்.

"சுனில் அண்ணன் கொண்டுபோய் எறக்கிருவாரு. தையல் மெசின அனுப்புவோமாண்ணே? தூக்க லேசு."

"லேசானது வேணாம்," என்றார் ராமையா. "மெசின்னா எவனாவது தோள்ல தூக்கிட்டு வந்து எங்க வாசல்ல போட்டுட்டுப் போயிருவான். அலுமாரின்னா லொறி புடிக்கணும், நாலு ஆளு வேணும். திருப்பி அனுப்புறதுக்கு யோசிப்பாங்க."

மருமகன் யோகேஸ் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார். ராமையா அவரை அழைத்தார்; இரைச்சலில் கேட்கவில்லை என்று போனின் ஒலிபெருக்கியைப் போட்டார்.

"மாப்ள, நான்தான்."

"சொல்லுங்க மாமா. ஏதாச்சும் விட்டுப் போச்சா?"

"விட்டுட்டு வந்திருக்கணும். விடாம வந்துட்டேன்."

மறுமுனையில் இயந்திரச் சத்தம் மட்டும் கேட்டது.

"அலுமாரிய அனுப்புறேன் மாப்ள. வச்சுக்கங்க."

"அம்மா என்ன சொல்லுமோ தெரியல மாமா."

"அம்மாவ கேக்கல. ஒங்கள கேக்குறேன்."

மீண்டும் இயந்திரச் சத்தம். நால்வரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"பாப்பாவோட உடுப்பெல்லாம் பாயில கொட்டிக் கெடக்குது," என்றது அந்தக் குரல். "அனுப்புங்க."

"ஹரி, ஹரி," என்று சிங்களத்தில் சம்மதம் சொன்னார் சுனில். தமிழ் அவருக்கு அந்த அளவுக்குப் புரியும்.

கடைசியில் ஏறியது என்பதால் அலுமாரி பின்கதவுக்கருகிலேயே இருந்தது. நாங்கள் நால்வரும் கடைக்காரரும் சேர்ந்து பாதையைக் கடந்து தூக்கிச் சென்றோம். சாக்குகளுக்கு நடுவில் நிறுத்திக் கட்டினார் சுனில். போர்வை ஒரு பக்கம் விலகி, கண்ணாடியில் கடையின் கூரையும் ஒரு துண்டு வானமும் தெரிந்தன. ராமையா ஏறிப் போர்வையை இழுத்துவிட்டு இறங்கினார்.

கரவனெல்லயில் களனி கங்கையைக் கடந்தபோது ஆறு செங்காவியாக ஓடியது. அங்கே நிறுத்தச் சொல்லி ராமையா மனைவியோடு பேசினார். "புள்ள வரல" என்று மட்டும் சொல்லிவிட்டு அழைப்பை முடித்தார். பாதை அங்கிருந்து குறுகுகிறது. இருபுறமும் றப்பர், மழைக்காலத்தில் வெட்டுக்காயத்தை மறைக்க மரங்களுக்குப் பாவாடை போலப் பொலித்தீன் கட்டியிருக்கிறார்கள். பால் வெட்டும் நாட்கள் இந்த மாதம் குறைவு என்றார் ராமையா. கரவனெல்லவுக்குப் பிறகு அவர் சொன்னது அது ஒன்றுதான்.

பிற்பகல் இரண்டு மணிபோல, புளத்கொஹுபிட்டியவுக்குச் சற்று முன்பு, ஒரு தோட்டப் பாதை பிரியும் இடத்தில் லொறி நின்றது. அவருடைய மனைவி பாக்கியம் குடையில்லாமல் நின்றிருந்தார். கூட இரண்டு அயல்வீட்டார். லொறியின் பின்கதவு திறந்ததும் பாக்கியம் உள்ளே பார்த்தார். கட்டில், மெசின், மூட்டைகள்.

"அலுமாரி?"

"அங்கதான் இருக்கு."

கொஞ்ச நேரம் கணவரையே பார்த்தார். பிறகு, "நல்ல காரியம் பண்ணுனீங்க," என்று சொல்லிவிட்டு, தையல் மெசினின் ஒரு பக்கத்தைத் தானே பிடித்துத் தூக்கினார்.

கேகாலையை அடைந்தபோது நாலு மணி தாண்டியிருந்தது. சந்தைக்குப் பின்னால் வாழைக்குலைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திரும்பும் பயணத்துக்கு றப்பர் ஷீட் கிடைக்கும் என்று அந்தோனி சொல்லிக்கொண்டிருக்கையில் சுனிலின் அழைப்பு வந்தது. பேசிவிட்டு எனக்குத் தமிழில் சொன்னார்: யோகேஸின் தாய், அந்தக் கிழவி, வாசலை மறித்து நின்றுவிட்டாள். உள்ளே கொண்டுபோக விடவில்லை. யோகேஸ் இன்னும் வேலை முடிந்து வரவில்லை. சுனிலுக்கு இருட்டுமுன் கலவானைக்குப் போயாக வேண்டும். லயத்து வீட்டின் முன்விறாந்தையான இஸ்தோப்பில், மழை படாத மூலையில் வைத்துவிட்டுப் புறப்பட்டுவிட்டார்.

அந்தோனி ராமையாவின் எண்ணை அழுத்தினார். எடுத்தது பாக்கியம். அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

"உள்ளுக்கு எடுத்தாங்களா தம்பி?"

"இஸ்தோப்புல வச்சிருக்காங்கக்கா."

"வெளியவா?"

"மாப்ள வந்து எடுப்பாரு. மழை படாத எடந்தான்."



"அலுமாரிக் கதவு எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்று கேட்டார் பாக்கியம். "செவுத்தப் பாத்து வச்சிருந்தா அந்தம்மா அத தொடவே போறதில்லன்னு அர்த்தம். வீட்டு வாசலப் பாத்து இருந்தா, புள்ள தொறந்து பாக்கும்."

சந்தையில் யாரோ குலையின் எடையைக் கூவிச் சொன்னார்கள். அந்தோனி ஒரு காதைப் பொத்திக்கொண்டார்.

"வீட்டு வாசலப் பாத்துத்தான்க்கா. புள்ள தொறக்கிற மாதிரிதான் வச்சிருக்காங்க."

"சரி தம்பி," என்றார் பாக்கியம். "நீங்க நல்லா இருக்கணும்."

சுனில் கதவைப் பற்றி எதுவும் சொல்லியிருக்கவில்லை. அந்தோனியும் கேட்டிருக்கவில்லை. அழைப்பு முடிந்ததும் அவர் சுனிலின் எண்ணைத் தேடி எடுத்தார். சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போனைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, காலியான லொறியில் ஏறிக் கயிறுகளைச் சுருட்டத் தொடங்கினார்.