சிவப்பு ஒயர் எங்கிருந்து வருகிறது

அவளை ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எல்லோரும் ஊசி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஐம்பத்து மூன்று வயது. காலை ஆறரையிலிருந்து மதியம் ஒரு மணி வரை நாற்பது கைகளையாவது பிடித்து நரம்பு தேடுவாள். கொஞ்சம் சுருக்கென்று இருக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் ஊசி உள்ளே போய் வெளியே வந்திருக்கும். கை ராசிக்காரி என்று பெயர். ஆனால் அந்த நாற்பது பேரும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் கையை நீட்டுவார்கள். கடைத்தெருவில் எதிரே வந்தால் ஒருவருக்கும் அவளை அடையாளம் தெரியாது.

வேலை முடிந்து மூன்றாவது மாடியில் இருக்கும் வீட்டுக்கு வந்தால், மறுநாள் காலை வரை பேச ஆள் கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவுடன் இருந்தாள், அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. தம்பி ஒருவன் இருக்கிறான், எலக்ட்ரீசியன். ரயிலில் போனால் ஒரு பகல் முழுக்கப் பிடிக்கும் தூரத்தில், பெரிய கட்டடங்களுக்கு ஒயரிங் செய்கிறான். அம்மாவின் கடைசி வாரத்தில் வரச் சொன்னபோது அவன் இரண்டு நாள் தாமதமாக வந்து சேர்ந்தான். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவனிடம், உறவுக்காரர்கள் எல்லோரும் இருக்கும்போதே, "எல்லா வேலையையும் முடிச்சுட்டே வந்திருக்கலாமே" என்று அவள் கேட்டுவிட்டாள்.  காரியங்கள் முடிந்த மறுநாள் அவன் கிளம்பிப் போனான். அதற்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை.

அந்த வீட்டுக் குளியலறைக்கு ஜன்னல் கிடையாது. கூரையில் இருக்கும் எக்ஸாஸ்ட் ஃபேன்தான் ஈரத்தை வெளியே தள்ள வேண்டும். விளக்கைப் போட்டால் அது ஓடும், அணைத்த பிறகும் கால் மணி நேரம் தானாக ஓடிவிட்டு நிற்கும். படுக்கையில் கிடந்து அந்தச் சத்தத்தைக் கேட்பது அவளுக்குப் பழகிப்போயிருந்தது. உள்ளே யாரோ குளித்துக்கொண்டிருக்கிற மாதிரி இருக்கும். ஒரு நாள் அது கரகரவென்று இழுத்துவிட்டு நின்றது. பதினைந்து நாளில் சுவர் மூலையில் கரும்புள்ளிகள் பூத்தன.

மூன்று எலக்ட்ரீசியன்களுக்குப் போன் செய்தாள். ஒருவர் நாளைக்கு என்றார், ஒருவர் மத்தியானம் என்றார், ஒருவர் இதோ கிளம்பிட்டேன் என்றார். யாரும் வந்தபாடில்லை. ஒற்றை ஃபேனுக்காக மூன்று மாடி ஏற யாருக்குத்தான் மனசு வரும்? அவளே கடைக்குப் போய் அதே அளவில், அதே மாதிரி நேரம் வைத்து ஓடும் ஃபேன் ஒன்றை வாங்கிக்கொண்டு வந்தாள். ஒயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க ஒரு டெஸ்டரும் வாங்கினாள். கடைக்காரர் வீட்டில் யார் மாட்டப்போகிறார்கள் என்று கேட்டதற்கு, ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை வேலையில் இறங்கினாள். ஒவ்வொரு லைனையும் தனித்தனியாக அணைக்கும் பிரேக்கர் பெட்டி வாசல் கதவருகே இருந்தது, குளியலறை வீட்டின் மறுகோடியில். ஒருவர் பிரேக்கரை இறக்க, விளக்கு அணைந்ததா என்று இன்னொருவர் நின்று சொல்ல வேண்டும். இன்னொருவருக்கு எங்கே போவது? நடையில் ஒரு நாற்காலியைப் போட்டு, அதன்மேல் முகம் பார்க்கும் கண்ணாடியைச் சாய்த்து வைத்தாள். வாசலில் நின்றபடியே கண்ணாடியில் குளியலறை வெளிச்சம் தெரிந்தது. பிரேக்கரை இறக்கினாள். கண்ணாடி இருண்டது. தன் சாமர்த்தியத்தை நினைத்து அவளுக்கே சிரிப்பு வந்தது. சொல்லிச் சிரிக்கத்தான் பக்கத்தில் ஆளில்லை.

டார்ச் வெளிச்சத்தில் ஸ்டூலில் ஏறி ஃபேனின் மூடியைக் கழற்றினாள். உள்ளே மூன்று ஒயர்கள்: சிவப்பு, மஞ்சள், கறுப்பு. வந்தவரின் பேரை இரண்டு தரம் கேட்காமல் ஊசியை எடுக்காத கை அவளுடையது. விளக்கு அணைந்துவிட்டதே என்று விட்டுவிடாமல், ஒவ்வொன்றிலும் டெஸ்டரை வைத்துப் பார்த்தாள். மஞ்சளில் ஒன்றுமில்லை. கறுப்பிலும் இல்லை. சிவப்பில் வைத்ததும் டெஸ்டருக்குள் ஆரஞ்சுப் பொட்டு எரிந்தது.

 இறங்கி ஸ்டூலிலேயே உட்கார்ந்தாள். தொட்டிருந்தால், திங்கட்கிழமை வேலைக்கு வரவில்லையே என்று பரிசோதனை நிலையத்தில் யாராவது தேடும் வரை இங்கேயே கிடந்திருப்போம் என்ற நினைப்பு வந்தது. கொஞ்ச நேரம் அதையே நினைத்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்தாள்.

மற்ற பிரேக்கர்களை ஒவ்வொன்றாக இறக்கி, ஒவ்வொரு முறையும் ஓடிவந்து டெஸ்டரை வைத்தாள். நான்காவது தடவை சிவப்பில் கரண்ட் நின்றது. அது அம்மா படுத்திருந்த அறையின் லைன். குளியலறை ஃபேனுக்கு அம்மா அறையிலிருந்து எதற்கு ஒயர் வர வேண்டும்?

மெயினையே அணைத்துவிட்டுப் பழைய ஃபேனை இறக்கினாள். ஃப்ரிட்ஜும் நின்றுபோய் வீடு கப்சிப் என்று ஆனது. புது ஃபேனோடு வந்த காகிதத்தை வாசல் வெளிச்சத்தில் பிரித்துப் படித்தாள். எப்போதும் கரண்ட் இருக்கும் ஒயர் ஓர் இடத்தில், விளக்கு சுவிட்சிலிருந்து வருவது இன்னோர் இடத்தில், கறுப்பு மூன்றாவதில். அதுவரை புரிந்தது. ஆனால் அடியில் தடித்த எழுத்தில், எல்லா ஒயர்களும் ஒரே லைனிலிருந்து வர வேண்டும் என்று போட்டிருந்தது. இங்கே இரண்டு லைன் கலந்து கிடந்தது. இத்தனை வருடம் ஓடவில்லையா என்று கண்ணை மூடிக்கொண்டு மாட்டிவிடலாம். ஆனால் சந்தேகம் இருக்கும் ரத்தக் குப்பியில் அவள் ஒரு நாளும் பேர் எழுதி ஒட்டியதில்லை.

இந்த ஒயரிங்கைச் செய்தவன் தம்பி. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போன புதிதில், லீவில் வந்திருந்தபோது மாட்டிக்கொடுத்தது. போனைக் கையில் எடுத்து, மேசையில் வைத்து, மறுபடியும் எடுத்தாள். நான்காவது மணியில் எடுத்தான்.

"அக்கா?" என்றான். குரலில் பயம் இருந்தது. அவள் அழைத்தால் ஏதோ கெட்ட சேதியாகத்தான் இருக்கும் என்று நினைத்திருப்பான்.

"ஒண்ணுமில்ல. பாத்ரூம் ஃபேனை மாத்துறேன். சிவப்பு ஒயர் ஏன் அம்மா ரூம்லேர்ந்து வருது?"

 அவன் முதலில் மெயினை அணைத்தாளா என்று கேட்டான். கையில் ஈரம் இருக்கிறதா, காலில் செருப்பு போட்டிருக்கிறாளா என்று கேட்டான். எல்லாவற்றுக்கும் பதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

"நான் செஞ்சது தப்புதான்க்கா. குளியலறை லைன்லேர்ந்தே இழுத்திருக்கணும். அதுக்குச் சுவரைக் கொத்தணும். அம்மா அப்பத்தான் மருந்து சாப்பிட்டுக் கண்ணசந்திருந்தாங்க. சத்தம் போட வேண்டாமேன்னு அவங்க ரூம் பெட்டியிலேர்ந்து எடுத்துட்டேன். அடுத்த தடவை வந்து சரியா பண்ணிடலாம்னு நினைச்சேன்."

அடுத்த தடவை அவன் வந்தது எதற்கு என்று இருவருக்கும் தெரியும். 

பிறகு அவன் சொல்லச் சொல்ல அவள் செய்தாள். அம்மா அறையில் சுவிட்ச் பெட்டியைத் திறக்கச் சொன்னான். ஒரே ஸ்க்ரூவில் இரண்டு சிவப்பு ஒயர்கள் மாட்டியிருந்தன. மேலே போவதை மட்டும் உருவச் சொன்னான். நுனியைக் கனெக்டரில் வைத்து டேப் சுற்றச் சொன்னான், குளியலறையில் இருக்கும் மறுமுனைக்கும் அப்படியே. மஞ்சளையும் கறுப்பையும் புது ஃபேனில் அதனதன் இடத்தில் மாட்டி, மஞ்சளிலிருந்து ஒரு துண்டு ஒயரால் சிவப்புக்கான பக்கத்து இடத்துக்கும் பாலம் போடச் சொன்னான். இனி விளக்கு எரியும்போதுதான் ஃபேன் ஓடும், அணைத்தால் கூடவே நின்றுவிடும் என்றான்.

"அணைச்ச பிறகு ஓடாதா?"

"ஓடாது. அது வேணும்னா புது ஒயர் இழுக்கணும். அதை நீ செய்யாத. நான் வர்றப்ப பாக்கிறேன்."

எப்போது என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. மெயினைப் போட்டாள். குளியலறை சுவிட்சைத் தட்டியதும் புது ஃபேன் மெல்லிய சத்தத்தோடு சுற்றியது. போனை உயர்த்திப் பிடித்து அவனுக்கும் கேட்க வைத்தாள். சரியா இருக்கு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான். எல்லாம் சேர்ந்து முப்பத்தெட்டு நிமிடம். அதில் ஒயரைத் தவிர வேறு பேச்சே இல்லை.

அன்று மாலை குளித்துவிட்டு விளக்கை அணைத்தாள். ஃபேன் உடனே நின்றது. கட்டிலில் படுத்து, வராத சத்தத்துக்காகக் கொஞ்ச நேரம் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை அவளாகவே தம்பிக்குப் போன் செய்தாள். கேட்பதற்கு ஒன்றுமில்லை. முதல் மணியிலேயே எடுத்தவன், ஃபேன் ஓடுகிறதா என்றான்.

"ஓடுது" என்றாள்.

 அவன் பக்கம் யாரோ பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டது. வைத்துவிடுவான் என்று நினைத்தாள். அவன் வைக்கவில்லை.

"சாப்பிட்டியா அக்கா?" என்றான்.